பதினாலு சுற்றுச் சீர்

தாய்மாமனாகப் பிறந்தவனுக்குக் காதுகுத்தில் பெரிய வேலை எதுவும் கிடையாது. உட்கார வேண்டும், அவ்வளவுதான். சம்மணம் போட்டு உட்கார்ந்து, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, ஆசாரி ஊசியை எடுக்கும்போது தலை ஆடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். படிப்பு தேவையில்லை. மடி கொஞ்சம் அகலமாக இருந்தால் நல்லது. (கடவுள் எனக்கு அதில் ஒரு குறையும் வைக்கவில்லை.) தலைமுறை தலைமுறையாக எங்கள் வீட்டு ஆண்கள் தூங்கி வழிந்துகொண்டே செய்துமுடித்த இந்த வேலையை, நான் ஒரு கணினியும் ஒரு கணித மென்பொருளும் இரண்டு சக்கர ரோபோ ஒன்றும் வைத்துச் செய்யப்போனேன்.

எனக்குப் பிழைப்பு மலைமேல், பள்ளிவாசல் என்கிற ஊருக்கு மேலே ஒரு பாலிடெக்னிக்கில். கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். சொந்த ஊர் கொல்லங்கோட்டுக்குப் பக்கம். தங்கை சுமதியைக் கட்டிக்கொடுத்திருப்பதும் அங்கேயேதான், மாந்தோப்புக்கு நடுவில் ஒரு பெரிய வீட்டில். அப்பா இல்லை. அப்பா இல்லாத பெண்ணுக்குப் பிறந்த வீட்டுப் பெருமை என்பது அண்ணன் ஒருத்தன்தான். அந்த அண்ணன் எப்படிப்பட்டவன் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

மலைமேல் மழைக்காலத்துச் சாயங்காலங்களில் ஆண்பிள்ளைக்கு இரண்டே பொழுதுபோக்குகள் உண்டு. அதில் ஒன்று என் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. அதனால் நான் ரோபோ செய்யப் போனேன். உதிரி உதிரியாக வரவழைத்துப் பூட்டியதுதான். முழங்கால் உயரம். இரண்டு பக்கமும் மோட்டார் வைத்த சக்கரம், முன்னால் ஒரு குட்டி உருளை, உச்சியில் ஒரு தட்டு, தட்டின் ஓரத்தில் செல்போனைச் சொருக ஒரு கவ்வி. வீட்டில் அதற்கு மரியாதையாக ஒரு பெயரும் வைக்கவில்லை. 'வண்டி' என்றார்கள்.

வண்டியோடு ஒரு ரிமோட்டும் இருந்தது. நான்கு பொத்தான், முன்னே, பின்னே, இடம், வலம். எட்டு வயதுப் பிள்ளை ஓட்டும். எனக்கு அது கௌரவக் குறைச்சலாகத் தெரிந்தது. கணக்கு வாத்தியார் கணக்கால்தான் ஓட்ட வேண்டும் என்று, கணித மென்பொருளில் பக்கம் பக்கமாக எழுதினேன். எந்தக் கோணத்தில் திரும்ப எந்தச் சக்கரம் எவ்வளவு சுழல வேண்டும் என்பதெல்லாம் சைன், காஸ் போட்டுக் கண்டுபிடித்து அதுவே வண்டிக்குச் சொல்லும். ஒரு பொங்கலுக்கு அந்த வண்டியைக் கொண்டுபோய் சுமதி வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். பள்ளிவாசலில் உட்கார்ந்து எண்களைத் தட்டினால், அவள் வீட்டு வைஃபை வழியாக அங்கே கூடத்தில் வண்டி நகரும். நான் பஸ் ஏறினால் அரை நாளுக்கு மேல் ஆகும் தூரம். சுமதியின் கணவர் பிரபு வாயைப் பிளந்து பார்த்தார். சுமதி மட்டும், "ஏனுங்ணா, இத்தனை சுலுவா வர முடியுதல்லோ, அப்ப நேர்ல ஏன் வர மாட்டேங்கறீங்க?" என்றாள்.

அவள் கேட்டதில் அர்த்தம் இருந்தது. அவளுடைய வளைகாப்புக்கு நான் போகவில்லை, ரோபோ கண்காட்சி இருந்தது. குழந்தைக்குப் பேர் வைத்தபோதும் போகவில்லை, மோட்டார் பார்சல் வரவேண்டியிருந்தது. (இரண்டு காரணத்தையும் அவளிடம் அப்படியே சொல்லவும் செய்தேன். பொய் சொல்லத் தெரியாதவன் என்று என்னைப் பற்றி எனக்கு ஒரு பெருமை.) இரண்டு தடவையும் அண்ணன் இடத்தில் வந்து நின்றது எங்கள் பெரியப்பா மகன் செந்தில் அண்ணன். கொல்லங்கோட்டில் உரக்கடை வைத்திருக்கிறார். கூப்பிட்டால் போதும், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்துவிடுவார்.

காதுகுத்து ஆவணியில் என்று முடிவானதும் சுமதி போன் செய்தாள். "அண்ணா, இந்த ஊட்டுல நானு அண்ணன் வருவாரு, அண்ணன் வருவாருன்னு சொல்லிச் சொல்லியே வாய் வலிச்சுப்போச்சு. இந்த ஒருக்கா என்ற மானத்தைக் காப்பாத்திப்போடுங்க." அவள் குரலில் இருந்தது கோபம் இல்லை, கெஞ்சல். தங்கை கெஞ்சினால் எனக்குத் தாங்காது. கண்டிப்பாக வருகிறேன் என்று சத்தியம் செய்தேன், லீவும் போட்டேன்.

புறப்பட வேண்டிய அன்று காலை மலை சரிந்துவிட்டது. மறையூர் போகிற ரோட்டில் மண்ணும் மரமுமாக வந்து படுத்திருந்தது. நல்லவேளை, யாருக்கும் ஒன்றுமில்லை. தகவல் கொண்டுவந்தவர் நான் குடியிருந்த வீட்டுக்காரர் முருகேசன். எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர், ஜீப் ஓட்டுபவர்.

"சார், உருள்பொட்டி ரோடே போயிருச்சு. வண்டி எதுவும் போவாது. ஆனா ஆளு நடந்து தாண்டிரலாம். அந்தப் பக்கம் எங்க மச்சான் ஜீப்பைக் கொண்டாந்து நிப்பாட்டியிருக்கான். பையத் தூக்குங்க, நான் கூட வாரேன்" என்றார்.

நேர்மையான மனிதன் பையைத் தூக்கியிருப்பான். நான் கூடத்தில் நின்று யோசித்தேன். மழை, சேறு, அட்டைப்பூச்சி. இந்தப் பக்கம் மேசைமேல் கணினி. அப்போது எனக்குள் வந்தது கவலை இல்லை, சந்தோஷம். இதற்குத்தானே வண்டி செய்தேன் என்று தோன்றியது. ரோடு அடைபட்டாலும் மாமன் வருவான், கணக்கு வழியாக வருவான்! நாளைக்கு ஊரே பேசும். (பேசியது. இன்னும் பேசுகிறது.)

"வேண்டாம் முருகேசன், எனக்கு வேற வழி இருக்கு" என்றேன்.

"ஹெலிகாப்டரா சார்?" என்று கேட்டுவிட்டு அவர் டீ போடப் போனார்.

சுமதி வீட்டில் கடைசி வார்த்தை அவள் மாமனாருடையது. நானும் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். தோப்பில் பூ எப்போது நிற்கும், எப்போது உதிரும் என்று பார்ப்பதுபோலவே மனிதர்களையும் பார்ப்பார். நான் திட்டத்தைச் சொல்லி முடிக்கும்வரை போனில் பொறுமையாகக் கேட்டார். தள்ளிப்போடவும் வழியில்லை. ஆவணி போனால் புரட்டாசி, அதில் காது குத்த மாட்டார்கள். ஐப்பசியில் குழந்தைக்கு வயது தாண்டிவிடும்.

"ஏனுங் மாப்ள, எல்லாஞ் செரி. உங்க வண்டிக்கு மடி இருக்குதுங்களா?"

மடியை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை.

"மடிக்கு செந்தில் அண்ணன் உட்காரட்டுமுங் மாமா. அவர் மடிமேல என் துண்டை விரிச்சுட்டா, அதை என் மடின்னு வெச்சுக்கலாமுங்களே."

"துண்டு போட்டு எடம் புடிக்கறது பொள்ளாச்சி பஸ்ஸுலதானுங் மாப்ள."

பின்னால் யாரோ சிரித்தார்கள். பிரபு என்று நினைக்கிறேன். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டார். "எங்க ஊட்டு வழக்கத்தைச் சொல்லிப்போடறேனுங்க. காது குத்தறப்ப ஆரு மாமனோ, அவிங்கதான் பொறவு அத்தனை சீருக்கும் மாமன். புள்ளை பெரியவளாகறப்பவும் அவிங்கதான், கண்ணாலத்துக்கும் அவிங்கதான். அதனால இப்படி வெச்சுக்கலாம். வாசல்லயிருந்து பாய் வரைக்கும் உங்க வண்டி சீரைக் கொண்டாந்து சேத்தோணும். நீங்க அங்கிருந்தே ஓட்டோணும். சேத்திப்போட்டீங்கன்னா, செந்திலு மடி உங்க மடி, நீங்கதான் மாமன். நடுவால ஆராச்சும் வண்டி மேல கை வெச்சாங்கன்னா, செந்திலுதான் மாமன்."

எனக்கு இது நியாயமாகப் பட்டது. சுமதிதான் தயங்கினாள். போனைத் தனியாக எடுத்துக்கொண்டு போய், "அண்ணா, உங்களால ஆகுமுங்களா? ஆகாதுன்னா இப்பவே சொல்லிப்போடுங்க, செந்தில் அண்ணனையே நேரா உக்கார வெச்சிரலாம். எல்லார்த்துக்கும் முன்னால வேண்டாமுங்ணா" என்றாள். "அம்மிணி, இது கணக்கு. கணக்கு தப்பாது" என்றேன்.

இந்த இடத்தில் வாசகர்கள் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். கோணத்தை அளக்க இரண்டு அளவுகள் உண்டு. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்தது டிகிரி. தொண்ணூறு டிகிரி என்றால் கால் வட்டம், அதாவது 'இடது பக்கம் திரும்பு' என்றால் நாம் திரும்புகிற அளவு. இன்னொன்று ரேடியன். கணித மென்பொருளுக்கு ரேடியன்தான் தாய்மொழி. அதனிடம் வெறுமனே தொண்ணூறு என்றால் தொண்ணூறு ரேடியன் என்றுதான் எடுத்துக்கொள்ளும். அது பதினாலு முழுச் சுற்று, அதற்கு மேலும் கொஞ்சம். முதலாண்டு மாணவர்கள் இதில் தப்புச் செய்தால் நான் கருணையே இல்லாமல் மார்க்கைக் குறைப்பேன்.

என்னுடைய பழைய நிரலில் டிகிரியை ரேடியனாக மாற்ற ஒரு வரி இருந்தது. முதல்நாள் சாயங்காலம் உட்கார்ந்து, விசேஷத்துக்கு வீடு வெள்ளையடிப்பதுபோல அந்த நிரலைச் சுத்தம் செய்தேன். தேவையில்லாத வரிகளை எல்லாம் நீக்கினேன். தேவையான ஒரு வரியும் கூடவே போனது எனக்குத் தெரியவில்லை. ஓட்டிப் பார்த்திருக்கலாம். ஆனால் அங்கே வண்டியைப் பெண்கள் கூடி மஞ்சள் குங்குமம் வைத்து, மாவிலை கட்டி, பூச்சுற்றி வைத்திருந்தார்கள். அலங்காரம் கலைந்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை பள்ளிவாசலில் கரண்டு இல்லை. ஊருக்கெல்லாம் தண்ணீரிலிருந்து மின்சாரம் எடுத்துக் கொடுக்கிற இடத்தில், எடுத்தவர்களுக்கு இல்லை. வீட்டு இணையமும் போனது. செல்போனை ஜன்னல் கம்பியில் கட்டி, கிடைத்த சிக்னலை வைத்துக் கணினியை இணைத்தேன். படம் விட்டுவிட்டு வந்தது. வேட்டி சட்டை போட்டு, நெற்றியில் விபூதி வைத்து, கணினிமுன் உட்கார்ந்தேன். முருகேசன் ஸ்டூல் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

அங்கே ஏற்பாடு இதுதான். கேட்டிலிருந்து நேராக வாசல். பாதியில் இடது பக்கம் திரும்பினால் பந்தல், பந்தலில் பாய், பாயில் செந்தில் அண்ணன், அவர் மடியில் என் மருமகள் நிலா. திரும்பாமல் நேராகப் போனால் சாப்பாட்டுப் பந்தி, அதைத் தாண்டினால் வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் அடுப்பு மூட்டி வடை போட்டுக்கொண்டிருந்தார்கள். வண்டியின் தட்டில் தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, பட்டுப் பாவாடை. கவ்வியில் பிரபுவின் செல்போன், அதன் திரையில் நான். இனி நடந்ததில் பாதிக்கு மேல் எனக்கு அப்போது தெரியாது. பிறகு வந்த வீடியோக்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான். ஆளாளுக்கு எடுத்திருந்தார்கள்.

முதல் கட்டளை, முன்னே போ. வண்டி கிளம்பியது. மேளக்காரர் அடிக்க, மாமன் சீர் தானாக நகர்ந்து வர, வந்திருந்த உறம்பரை, சொந்தம் மொத்தமும் எழுந்து வழிவிட்டது. "வாங்க, வாங்க. எல்லாரும் சாப்டீங்களா?" என்று நான் திரையிலிருந்து விசாரித்துக்கொண்டே போனேன். யாரோ, "அட, பேசிட்டே வருது பாருங்க!" என்றார்கள். சுமதியின் முகம் ஒரு கணம் திரையில் வந்தது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்திலிருந்த நாத்தனாரிடம், "எங்க அண்ணன்" என்று சொன்னாள். அது எனக்குத் தெளிவாகக் கேட்டது. இன்றைக்கும் கேட்கிறது.

வண்டி பாதி வாசலில் நின்றது. நான் தொண்ணூறு என்று தட்டினேன்.

அந்த நிமிஷம் பார்த்துப் படம் உறைந்துவிட்டது. சத்தம் மட்டும் விட்டுவிட்டு வந்தது. 'ஓ' என்று ஒரு கூச்சல், கொஞ்சம் கைதட்டல். கட்டளை போய்ச் சேரவில்லை போலிருக்கிறது என்று நினைத்து மறுபடியும் தட்டினேன். அப்போதும் படம் அசையவில்லை. மூன்றாவது முறையும் தட்டினேன். வண்டிக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. சொன்ன வேலை முடியும்வரை அடுத்ததை வரிசையில் நிறுத்தி வைத்துக்கொள்ளும், எதையும் மறக்காது.

வாசலில் வண்டி நின்ற இடத்திலேயே சுற்ற ஆரம்பித்தது. முதல் இரண்டு சுற்றில் வெற்றிலை பறந்தது. நாலாவதில் வாழைப்பழச் சீப்பு போய் நாத்தனாரின் மடியில் விழுந்தது. தேங்காய் உருண்டுபோய் மேளக்காரர் காலடியில் நின்றது. பட்டுப் பாவாடை மட்டும் கவ்வியில் மாட்டிக்கொண்டு, குடைபோல விரிந்து கூடவே சுற்றியது. நடுவில் என் முகம். படம் உறைந்தபோது நான் பல்லைக் காட்டிக்கொண்டிருந்ததால், முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சுற்றிக்கொண்டிருந்தேன். சத்தத்துக்கு ஒரு தடையும் இல்லை. "சாப்டீங்களா? ஏன் நிக்குது? இன்னொருக்கா! இன்னொருக்கா!" என்று அது பாட்டுக்குக் கேட்டது.

பதினாலு சுற்று சுற்றி வண்டி ஒரு கணம் நின்றது. எல்லோரும் மூச்சு விட்டார்கள். அடுத்த பதினாலு தொடங்கியது.

"சாமி வந்திருச்சு!" என்றார் ஒரு அம்மா. பிரபுவின் அத்தை. கையில் இருந்த வேப்பிலையோ வேறு எதுவோ ஒன்றை வண்டிப் பக்கம் ஆட்டி, "ஆரு சாமி நீ? என்ன வேணும், சொல்லிப்போடு!" என்று கேட்டார். வண்டியிலிருந்து என் குரல், "இன்னொருக்கா!" என்றது. அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஆரும் கை வெக்காதீங்க!" என்று மாமா சத்தம் போட்டார். பேச்சு என்றால் பேச்சு அவருக்கு. அதனால் அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். பிரபு ரிமோட்டைத் தேடி உள்ளே ஓடினார். (அது பீரோவுக்குள் பூட்டியிருந்தது. பிள்ளைகள் எடுத்து விளையாடிவிடுவார்கள் என்று நான்தான் பூட்டச் சொல்லியிருந்தேன்.) பாயில் உட்கார்ந்திருந்த செந்தில் அண்ணன் மட்டும் என் பக்கம் நின்று, "தம்பி, பதட்டப்படாத ஓட்டு! நானு சும்மாதான் உக்காந்திருக்கறேன்!" என்று கத்தினார்.

பள்ளிவாசலில் படம் ஒரு முறை துள்ளியது. தென்னை, மேளம், தென்னை, அத்தை, தென்னை, மேளம். முருகேசன் எட்டிப் பார்த்து, "கரகம் ஆடுது போலயே சார்?" என்றார். அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. நிறுத்து என்று தட்ட வேண்டும். தட்டினால் அந்தக் கட்டளையும் வரிசையில் கடைசியில் போய்த்தான் நிற்கும். அதுவும் நான் எழுதிய நிரல்தான், யாரைக் குறை சொல்வது? அவசரத்தில் நிறுத்துவதற்குப் பதிலாக 'முன்னே போ'வை நாலைந்து தரம் அமுக்கிவிட்டேன்.

பதினாலு சுற்றுக்கு மேல் ஒரு கொஞ்சம் உண்டு என்றேனே, மூன்று முறை சேர்த்தால் அந்தக் கொஞ்சமெல்லாம் கிட்டத்தட்ட ஒரு முழுச் சுற்றாகிவிடும். அதாவது இத்தனை ஆட்டமும் ஆடி முடித்த வண்டி, ஆடத் தொடங்கும்போது எந்தப் பக்கம் பார்த்ததோ அதே பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது. பாய் இடது பக்கம் இருந்தது. வண்டி நேராகப் புறப்பட்டது.

பந்தியில் மேசைகளுக்கு அடியில் நுழைந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் இட்லியைக் கையில் பிடித்தபடி வரிசையாகக் காலைத் தூக்கினார்கள். கை வைக்கக் கூடாதே! ஒருவர் சாம்பார் வாளியோடு சுவரில் ஒட்டிக்கொண்டார். வண்டி மேசைக்கு அந்தப் பக்கம் வெளியே வந்து, பட்டுப் பாவாடையை இழுத்துக்கொண்டு, பொடக்காலிப் பக்கம் விசையாகப் போனது. அங்கே அடுப்பு. அடுப்பின்மேல் கொதிக்கிற எண்ணெய். அதன்முன் முதுகைக் காட்டிக்கொண்டு வடை தட்டிய பெண்.

அப்போது ஓடியவள் சுமதி. பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பந்திக்கு நடுவே பாய்ந்து, அடுப்புக்கு ஒரு முழம் இருக்கும்போது வண்டியை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினாள். ஓடிப்பிடித்த கோழியைப்போலத் தலைகீழாக அவள் கையில் தொங்கியபோதும் சக்கரம் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. கை வைத்துவிட்டாள். எல்லோருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அந்த நேரம் பார்த்து எனக்குப் படம் தெளிவாக வந்தது. தலைகீழாக என் தங்கையின் முகம். கண்ணில் தண்ணீர்.

"அண்ணா, நீங்க வர்லீன்னு நானு அழுகலீங்ணா. வந்தீங்க பாருங்க, அதுக்குத்தான் அழுகறேன்."

நான் கணினியை மூடினேன். வாழ்க்கையில் அவ்வளவு அவமானம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. முருகேசன் ஒன்றும் கேட்காமல் என் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். வேட்டியோடு, விபூதியோடு, முட்டி ஆழச் சேற்றில் மண்சரிவைத் தாண்டினேன். கால் மணி நேரம் ஆனதா என்பதே சந்தேகம். அந்தப் பக்கம் அவர் மச்சான் ஜீப்பில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

சுமதி வீட்டை நான் அடைந்தபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சீர்ச் சாமான்களோடு முன்கூட்டியே அங்கே போயிருந்த எங்கள் அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். சீருக்கு வாங்கிய தங்கக் கம்மல் பறக்கவில்லையே என்று முதலில் அதைத்தான் கேட்டேன். "கம்மலை அதும்மேல வெக்க எனக்கென்ன புத்தி கெட்டா போச்சு? முந்தானையில முடிஞ்சு வெச்சிருந்தேன்" என்றாள். என்மேல் அம்மாவுக்கு இருந்த நம்பிக்கை அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. செந்தில் அண்ணன் மாமனாகி, சாப்பிட்டு, கடை திறக்கவும் போயிருந்தார். சுமதி காப்பி கொண்டுவந்து வைத்தாள். பேசவில்லை. அடுத்த பொங்கல்வரை பேசவில்லை. அவள் பேசாத மாதங்களில் நான் ரோபோவுக்கு ஒரு திருகுகூட முடுக்கவில்லை.

அன்று நடந்த இன்னொன்றை யாரும் கவனிக்கவில்லை, ஆசாரியைத் தவிர. வண்டி சுற்றத் தொடங்கியதும் நிலா வாயைத் திறந்து அதையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். ஊரே வண்டியைப் பார்த்துக்கொண்டிருக்க, வேலையிலேயே கண்ணாயிருந்த ஆசாரி இரண்டு காதையும் குத்தி முடித்துவிட்டார். குழந்தை ஒரு முனகல் முனகவில்லை.

சுமதிக்கு அடுத்தது பையன் பிறந்தான். அவன் காதுகுத்துக்கு நான் நாலு நாள் முன்பே போய் இறங்கி, பந்தக்கால் நடுவதிலிருந்து பாத்திரம் எடுத்து வைப்பதுவரை எல்லாம் செய்தேன். வண்டி பேட்டரி இல்லாமல் பரணில் கிடந்தது. இந்தமுறை பாயில் நான், என் மடியில் மருமகன். ஆசாரி ஊசியை எடுத்தார். பையன் வீறிட்டான். தலையைப் பிடித்தால் காலால் உதைத்தான், காலைப் பிடித்தால் என் கையைக் கடித்தான். கிலுகிலுப்பை காட்டினார்கள், மேளம் அடித்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. முகூர்த்தம் போய்க்கொண்டிருந்தது.

ஆசாரி ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "ஏனுங், போன தரம் ஒண்ணு சுத்துச்சே, அது இல்லீங்களா?" என்றார்.

எல்லோரும் சுமதியைப் பார்த்தார்கள். சுமதி என்னைப் பார்த்தாள். அவள் உதடு துடித்தது. அழுகிறாளோ என்று பயந்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, எந்திரிங்க. நீங்க சுத்துங்க."

"அம்மிணி, மடி?"

"மடிக்கு செந்தில் அண்ணன் இருக்கறாரு."

செந்தில் அண்ணன் அதற்குள் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்து உட்கார்ந்துவிட்டார். நான் வாசலுக்கு நடுவில் போய் நின்றேன். புது வேட்டி, தலையில் உருமால், நாற்பதை நெருங்கும் உடம்பு. இரண்டு கையையும் விரித்துச் சுற்றினேன். பையன் அழுகையை நிறுத்தி வாயைத் திறந்தான். உறம்பரை சேர்ந்து எண்ணியது. பதினாலில் நின்று, மாமாவைப் பார்த்தேன். மூன்று தவணை ஆயிற்றே!

"போதுமுங் மாப்ள" என்றார் மாமா. "ஆளுக்கு ஒரு தவணை போதும்." பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "இந்தப் பையனுக்கு மாமன் இவருதான். நேர்ல வந்து சுத்தியிருக்கறாரு" என்றார். எனக்கு அவர் சொன்னது பாதிதான் கேட்டது. தென்னை, மேளம், அத்தை எல்லாம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. சுமதி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள், விழுந்துவிடக் கூடாது என்று.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அடுத்து பிரபுவின் தம்பி குழந்தைக்குக் காதுகுத்து. அந்தக் குழந்தையின் மாமன் ஒரு வங்கி அதிகாரி, கோயம்புத்தூர்க்காரர். அவரையும் எழுப்பிச் சுற்ற வைத்தார்கள். "எங்க ஊட்டுல மாமன் சுத்தோணுமுங்க" என்று அத்தை சொல்ல, அவர் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டுச் சுற்றினார். இப்போது எங்கள் பக்கத்தில் காதுகுத்துக்கு அழைக்க வரும்போதே, மடிக்கு யார், சுற்றுக்கு யார் என்று கேட்டுவிட்டுத்தான் வெற்றிலை பாக்கை வைக்கிறார்கள். மாமன் தலைசுற்றல்காரராக இருந்தால் எனக்கு அழைப்பு வரும். பஸ் ஏறிப் போகிறேன். இதுவரை ஒன்றுகூடத் தவறவிடவில்லை.

போன வாரம் போன காதுகுத்தில், புதிதாகக் கல்யாணமாகி வந்த மருமகள் ஒருத்தி அத்தையிடம் கேட்டது என் காதில் விழுந்தது. நான் அப்போதுதான் சுற்றி முடித்து, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

"அதென்னுங்கத்தை பதினாலு? மூணு, அஞ்சு, ஏழுன்னு வெக்க மாட்டாங்களா?"

அத்தை வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார். "ஈரேழு பதினாலு லோகமல்லோ கண்ணு. புள்ளைக்காகப் பதினாலு லோகத்தையும் மாமன் சுத்தி வர்றாருன்னு அர்த்தம். நம்ம பெரியவிங்க காலத்துலயிருந்தே இருக்கற வழக்கம்."

அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்துக் கும்பிட்டாள். நான் மறுத்துப் பேசவில்லை. மறுப்பதென்றால் ரேடியனிலிருந்து தொடங்க வேண்டும். எனக்கு இன்னும் தூணை விட முடியவில்லை.